கதவில்லாத வீடு

ஜெமிமாவின் விரல் என் வண்டிக் கதவில் மாட்டியிருந்தபோது நான் பக்கத்தில் நின்று என் மாமியாரைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல கதைதான். நாலு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தூத்துக்குடியில் நான் ஐஸ் வண்டி ஓட்டுகிறேன். குட்டியானை என்று சொல்வார்களே, அந்தச் சின்ன லாரி. பின்னால் தெர்மாகோல் வைத்து அடித்த தகரப் பெட்டி, அதற்குக் கனத்த கதவு, இரும்புக் கொண்டி. காலையில் பேக்டரியில் ஐஸ் பார் ஏற்றி, திரேஸ்புரம் கரையில் மீன் வியாபாரிகளுக்கு இறக்கிவிட்டு, பதினோரு மணி வாக்கில் தெருக்களுக்குள் வருவேன். ஒரு பார் ஐம்பது கிலோ. ஓட்டப்பிடாரத்திலிருந்து நிமிர்ந்து வந்தவன், இருபது வருசம் பார் தூக்கியதில் கேள்விக்குறி மாதிரி ஆகிவிட்டேன். வீட்டில் இன்பமணி என்று பெயர் வைத்தார்கள். இன்பத்தைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வலியைப் பற்றிக் கேளுங்கள், நாள் முழுக்கச் சொல்வேன். சாளை மீன் முள் குத்தினால்கூடத் தெருவைக் கூட்டிவிடுகிற ஆள் நான்.

அம்புரோஸ் அப்படி ஒரு தெருவில் இருப்பவன், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன். விடியுமுன் வள்ளத்தில் போனால் மத்தியானம் இரண்டு, மூன்றுக்குத்தான் கரை. அவன் மனைவி கிளாடிஸ். ஒரே பெண் ஜெமிமா, எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அந்த வீட்டுக்கு மாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் தினமும் அரை பார் ஐஸ் போகும். மீன் யாவாரம் இல்லாத வீட்டில் தினமும் அரை பார் எதற்கு என்று யாராயிருந்தாலும் கேட்பார்கள். நானும் கேட்டேன், கேலியாக.

"என்ன தங்கச்சி, அம்புரோசு உள்ள சர்பத்துக் கடை வச்சிருக்கானா?"

"பிள்ளைக்குச் சூட்டு உடம்பு அண்ணாச்சி" என்பாள் கிளாடிஸ். அதோடு சரி.

அந்த வீட்டு வாசல் கதவின் ஓரம் முழுக்கப் பழைய வள்ளக் கயிற்றைக் கனமாகச் சுற்றியிருந்தார்கள். மூடினாலும் நாலு விரல் சந்து இருக்கும். அதையும் விடவில்லை நான். "கதவுக்கு மப்ளர் கட்டியிருக்கியளே, சளி புடிச்சிருக்கா?" கிளாடிஸ் சிரிக்கவில்லை. ஜெமிமா சிரித்தாள். அந்தப் பிள்ளை என் ஜோக்குகளுக்கு எப்போதும் சிரிக்கும். அதனாலேயே அந்தத் தெருவில் என் வண்டி கூடுதலாகப் பத்து நிமிசம் நிற்கும்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அவளை வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெயில் ஏறினால் காய்ச்சல் வந்துவிடுகிறது என்று பத்தரைக்கே அனுப்பிவிடுவார்கள். நான் வந்ததும் என் பெட்டியின் பின்விளிம்பில் ஏறி உட்கார்ந்து உள்ளே கையை நீட்டிக்கொள்வாள். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, "மாமா, என் கையக் காணும்" என்பாள். "மீனுக்குள்ள போயிருக்கும், நாளைக்கு வந்து எடுத்துக்க" என்பேன் நான். எட்டு வயசுப் பிள்ளைக்கும் ஐம்பது வயசுக் கழுதைக்கும் ஒரே ஜோக்கு தினமும் அலுக்காமல் ஓடியது.

பங்குனி தொடங்கி நாலாம் நாள். அரை பாரை உடைத்துக் கிளாடிசின் குண்டானில் போட்டேன். ஜெமிமா இறங்கிப் பக்கத்தில் நின்றாள். கதவை அடித்துச் சாத்திக் கொண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினால், எதிர்வீட்டு வாசலில் நாலு பேர். எனக்கு நாலு பேர் போதும். மாமியார் கதையை ஆரம்பித்தேன்.

"மாமா, என் கை உள்ள இருக்கு" என்றாள் ஜெமிமா.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருக்கட்டும், நாளைக்கு வந்து எடுத்துக்க."

பிள்ளை சிரித்தது. நாலு பேரும் சிரித்தார்கள். நான் கதையை முடித்தேன். இரண்டு நிமிசம் இருக்கும், மூன்றும் இருக்கலாம். அப்புறம் மறுபடியும் அதே குரல், அழுகை இல்லாமல், சலிப்போடு. "மாமா, நெசமாத்தான். கதவத் தெறங்க. எனக்கு ஒண்ணுக்கு வருது."

அப்போதுதான் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல் கதவிடுக்குக்குள். தகரத்தில் ரத்தம் கோடு போட்டு இறங்கி என் செருப்பு வரைக்கும் வந்திருந்தது.

கத்தியது நான்தான்.

*

துவாலையில் ஐஸைச் சுற்றி நசுங்கிய கையில் வைத்துக்கொண்டு, கிளாடிஸ் என் வண்டியின் முன்பக்கம் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏழெட்டு நிமிசம்தான். அந்த நேரம் முழுக்க நான் என்னை அறியாமல் புலம்பிக்கொண்டே ஓட்டினேன். "வண்டியில பட்ட அடின்னா போலீசு கேசு ஆக்கிருவானுவ. வண்டியப் புடிச்சு ஸ்டேசன்ல போட்ருவானுவ. ஆறு மாசம் வெயில்ல கெடந்து துருப்புடிக்கும்." விரல் போன பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது நான் வண்டியைப் பற்றிப் புலம்பினேன். ஜெமிமா சிக்னலில் நின்ற ஆட்டோக்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

காயம் பார்க்கிற இடத்தில் இருந்த இளம் டாக்டர் பெயர் ஐஸ்வர்யா. பெயரிலேயே ஐஸ் இருக்கிறது என்று இன்னொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"எப்படி ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கிளாடிஸ் சொல்லிவிட்டாள். "வீட்டுக் கதவுல நசுங்கிட்டு டாக்டர்."

என் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது. எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கிற வாய் அது. மூடிக்கொள்ள அந்த இடத்தைத்தான் கண்டது.

தையல் போடும்போது மரத்துப்போகிற ஊசி பிடிக்க நேரமாகும் என்று பிள்ளையின் முகத்தை வேறு பக்கம் திருப்பச் சொன்னார் டாக்டர். ஜெமிமா திரும்பவில்லை. ஊசி தோலுக்குள் போய் வெளியே வருவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "நூலு நீலக் கலரா?" என்று கேட்டாள். டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் பிள்ளையின் கைச்சட்டையை மேலே தள்ளினார்.

அந்த வேக்காட்டிலும் முழுக்கைச் சட்டைதான் எப்போதும் போடுவாள் ஜெமிமா. ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முழங்கை வரைக்கும் பழைய தீக்காயங்கள். மணிக்கட்டில் தோசைக்கல் விளிம்பு மாதிரி வளைந்த தழும்பு. டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கின் நுனி கடிபட்டுக் கடிபட்டுத் தேய்ந்திருந்தது. இடது கணுக்கால் பழைய முறிவில் புடைத்திருந்தது.

"இதெல்லாம் எப்படி?"

"அவளாப் பட்டுக்கிடுவா" என்றாள் கிளாடிஸ், தரையைப் பார்த்தபடி.

கடல் கலங்கல் என்று அன்றைக்குச் சீக்கிரமே கரையேறிய அம்புரோஸ் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான். தலையில் கடல்தண்ணி காயவில்லை. காது ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. தெருவில் சொன்னதைக் கேட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். "ஐஸ் வண்டியில கையி..." என்று ஆரம்பித்தான். கிளாடிஸ் அவன் காலை மிதித்தாள். "வீட்டுல... கதவு" என்று முடித்தான்.

டாக்டர் மூன்று பேரையும் பார்த்தார். என்னையும். பிறகு எழுத ஆரம்பித்தார். நிறைய எழுதினார்.

மோதிர விரலில் ஒரு கணு போய்விட்டது. நடுவிரல் தப்பியது. வெளியே வந்ததும் அம்புரோசைப் பிடித்தேன்.

"ஏலே, அவ எதுக்குல அப்படிச் சொன்னா? நான் சொல்லியிருப்பேம்லா?"

"கடல்ல கெடந்தவன்ட்ட கரையில நடந்ததக் கேக்கிய. விடுங்க அண்ணாச்சி."

சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கத்தோலிக்கருக்குக் கோயிலில் பெட்டி மாதிரி ஒரு இடம் உண்டு, செய்த பாவத்தை முட்டிபோட்டுச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். எங்கள் சாமிகளிடம் அந்த வசதி கிடையாது. கெடா வேண்டுமானால் கேட்பார்கள். மறுநாள் ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கிக்கொண்டு போய் ஐஸோடு கொடுத்தேன். இரண்டு விரல் நசுங்கிய கதைக்கு இருநூற்றைம்பது கிராம் இனிப்பு. கிளாடிஸ் ஒன்றை எடுத்துத் தன் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையிடம் நீட்டினாள். சூடில்லாத பண்டத்தையும் சூடு பார்த்துத்தான் கொடுப்பாள் என்பதை அப்போதும் நான் வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

"தங்கச்சி, அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"அடுப்புல பால் கெடக்கு அண்ணாச்சி" என்று உள்ளே போய்விட்டாள்.

*

அடுத்த புதன்கிழமை அந்த வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் அருணாசலவடிவு மேடம், குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசர். ஐம்பது வயதிருக்கும். கையில் பைல், தோளில் குடை, முகமெல்லாம் வியர்வை. நான் குண்டானில் ஐஸைக் கொத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கடலுக்குப் போகாததால் அம்புரோசும் வீட்டில் இருந்தான்.

"ஆஸ்பத்திரியிலருந்து தகவல் வந்திருக்கு" என்றார். "பிள்ளை உடம்புல பழைய காயம் நெறைய. அம்மா ஒண்ணு சொல்லுதாங்க, அப்பா ஒண்ணு சொல்லுதாரு. நான் பாத்துட்டு எழுதணும். குழந்தைகள் நலக் கமிட்டிதான் முடிவு பண்ணும், பிள்ளை இங்கன இருக்கணுமா, கொஞ்ச நாள் கவர்மெண்டு ஹோம்ல இருக்கணுமான்னு."

கிளாடிசின் கை ஜெமிமாவின் தோளில் விழுந்து அப்படியே நின்றுவிட்டது.

"கை நசுங்குனது எந்தக் கதவும்மா?" என்று கேட்டார் மேடம்.

கிளாடிஸ் வாசலை விட்டு விலகி வழி விட்டாள். மேடம் உள்ளே போனார். ஐஸ் குண்டானைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். ஆறு வருசமாக அந்த வீட்டுக்கு ஐஸ் போடுகிறேன், வாசலைத் தாண்டி உள்ளே போனது அன்றைக்குத்தான்.

இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் குளியலறை. வாசலில் கயிறு சுற்றிய அந்த ஒன்றைத் தவிர எதற்கும் கதவில்லை. நிலைகள் இருந்தன. கீல் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள். கதவுக்குப் பதில் பழைய சேலைகள் தொங்கின. அலமாரிக்கும் கதவில்லை. ஜன்னல் பலகைகளைத் திறந்தபடியே சுவரோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார்கள். மேசை மூலைகளில் சைக்கிள் டியூப். அடுப்படிக்குக் குறுக்கே இடுப்பளவு வலை, நல்ல மீன்வலை, இரண்டு பக்கமும் கொக்கி போட்டு இழுத்துக் கட்டியது. ஒரு மூலையில் பிளாஸ்டிக் தொட்டி, அதில் நேற்றுப் போட்ட ஐஸின் தண்ணீர்.

மேடம் ஒவ்வொரு சேலையாக விலக்கிப் பார்த்தார்.

"பாத்ரூமுக்குமா கதவில்ல?"

"இல்ல மேடம்" என்றாள் கிளாடிஸ்.

"ஏன்?"

"எடுத்துட்டோம். அவளுக்கு மூணு வயசுல அலமாரிக் கதவுல சுண்டு விரல் மாட்டிட்டு. அழல. அரை மணி நேரம் அப்படியே நின்னு பொம்மை வச்சி வெளையாடிருக்கா. நான் அடுப்படியிலருந்து வந்துதான் பாத்தேன். அன்னைக்குச் சாயந்தரமே இவரு எல்லாத்தையும் கழட்டிட்டாரு."

"அப்போ போன வாரம் எந்தக் கதவுல நசுங்குச்சு?"

குண்டானில் ஐஸ் விரிசல் விடுகிற சத்தம் கேட்டது. மெனக்கெட்டு ஒரு பொய் சொல்லியிருந்தாள் கிளாடிஸ். ஊரில் வேறு எந்த வீட்டுக்காரி சொல்லியிருந்தாலும் அது நின்றிருக்கும். விரல் நசுங்கக் கதவே இல்லாத வீட்டுக்காரி கதவைச் சொல்லி மாட்டிக்கொண்டாள்.

எனக்கு ஒரு ஜோக் ஞாபகம் வந்தது. உண்மையாகவே வந்தது. மப்ளரைப் பற்றி. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஜெமிமா என்னைப் பார்த்தாள், சிரிப்பதற்குத் தயாராக.

"என் வண்டிக் கதவு மேடம்" என்றேன்.

"நீங்க யாரு?"

"ஐஸ் போடுதவன். நான்தான் சாத்துனேன். பிள்ளை, கை உள்ள இருக்குன்னு சொல்லுச்சு. நான் நம்பல." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை. "நாளைக்கு வந்து எடுத்துக்கன்னு சொன்னேன்."

மேடம் எழுதவில்லை. பேனாவை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இத ஏன்யா ஆஸ்பத்திரியில சொல்லல?"

"வண்டியில பட்ட அடின்னா போலீசு கேசு ஆயிரும்னு..."

"நின்ன வண்டியிலயா?"

"ஆமா."

"நின்ன வண்டிக் கதவுல பிள்ளை கை நசுங்குனா வண்டிய ஏன்யா புடிக்கான்? யாரு சொன்னா ஒமக்கு?"

யாரும் சொல்லவில்லை. நானே சொல்லி நானே பயந்தது. அம்புரோஸ் ஒரு ஓரமாக நின்று காதைக் குடைந்துகொண்டிருந்தான். அவன் என் முகத்தைப் பார்க்காமல் இருந்ததற்கு இன்றைக்கும் நன்றியோடிருக்கிறேன்.

மேடம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஊறியது. குண்டானைப் பார்த்தார். "தெனமும் இவ்வளவு ஐஸா? எதுக்கு?"

"அவளுக்கு வேர்க்காது மேடம்" என்றாள் கிளாடிஸ். "பொறந்ததுலருந்து வேர்த்ததில்ல. வெயில் ஏறுனா உடம்பு கொதிக்கும், நூத்தி நாலு, நூத்தி அஞ்சு. தண்ணிக்குள்ள ஒக்கார வைக்கணும். காய்ச்சல் மருந்து குடுத்து அனுப்புவாங்க. சூட்டு உடம்புன்னு சொல்லுவாங்க."

"வேர்க்காதா? வலிக்கவும் செய்யாதா?"

"ரெண்டும் கெடையாது. தெனமும் சாயந்தரம் துணிய எல்லாம் கழட்டிட்டு வெளிச்சத்துல நிறுத்திப் பாப்பேன் மேடம். உள்ளங்கால், விரலிடுக்கு, நாக்கு, காது மடல். வலையில கிழிசல் பாக்காங்கல்லா, அது மாதிரி. அப்படியும் ஒண்ணு தப்பிரும். ஊருக்குள்ள கேட்டா பிள்ளை வளக்கத் தெரியாதவன்னு சொல்லுவாங்க. இவரு அம்மையே சொன்னாங்க. அதான் முழுக்கைச் சட்டை போட்டு மூடி வச்சேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அதுல இன்னும் வேக்காடு கூடும்னு தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்."

மேடம் ஜெமிமாவின் கழுத்தில் புறங்கையை வைத்தார். பங்குனி வெயில் ஓட்டின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே நின்ற நாலு பேரும் நனைந்திருந்தோம். பிள்ளையின் கழுத்து சுவர் மாதிரி காய்ந்திருந்தது. மேடம் அங்கேயே நின்று போன் போட்டார்.

"டாக்டரம்மா, நான் வடிவு. நீங்க எழுதுனீங்கல்லா, அந்தப் பிள்ளை. ஒரு விசயம் ஒங்கட்ட யாரும் சொல்லல. அவளுக்கு வேர்க்கவே வேர்க்காதாம்."

போனில் டாக்டர் சொன்னது எனக்கே கேட்டது. "உடனே கூட்டிட்டு வாங்க."

*

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஐந்து வாரம். அது வரைக்கும் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும் என்று மேடம் எழுதிக்கொடுத்தார். நான் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். 'நாளைக்கு வந்து எடுத்துக்க' அதிலும் இருந்தது. அரசாங்கத் தாளில் என் ஜோக் ஏறியது அது ஒன்றுதான்.

அந்த ஐந்து வாரமும் அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் பிள்ளை ஹோமுக்குப் போகும். ஹோமில் யார் உதட்டில் வைத்துச் சூடு பார்ப்பார்கள்? யார் ஐஸ் போடுவார்கள்? நான் தினமும் முழு பார் போட்டேன். கிளாடிஸ் வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்ப்பது மட்டும் இல்லை.

"என் மேல கோவமா தங்கச்சி?"

"வெயில் ஏறிட்டு அண்ணாச்சி, நீங்க கெளம்புங்க."

சித்திரை பிறந்து இரண்டு வாரத்தில் டாக்டர் கூப்பிட்டார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். பிள்ளைக்கு ஒவ்வொரு வருசமும் எவ்வளவு ஐஸ், எந்த மாசத்திலிருந்து என்று கேட்டு எழுத வேண்டுமாம். அது ஒன்றுக்குத்தான் நான் உபயோகப்பட்டேன்.

"ஒங்க பொண்ணுக்கு வந்திருக்கிறது ரொம்ப அபூர்வமான ஒண்ணு" என்றார் ஐஸ்வர்யா டாக்டர். "பாடத்துல ஒரு பக்கம் படிச்சிருக்கேன். நேர்ல பார்த்ததில்ல. அன்னைக்கு நீலக் கலரான்னு கேட்டாளே, அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்." கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொன்னார். அவருக்கும் வெட்கமா என்று எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

"ரெண்டு பேரும் சொந்தமா?"

அம்புரோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எம் மாமா மவதான். ஆனா சொந்தத்துல கட்டுததுக்குப் பிஷப் ஆண்டவர் உத்தரவு வாங்கித்தான் கட்டுனோம் டாக்டர். கடுதாசி வீட்டுல இருக்கு. கொண்டாரவா?"

"கடுதாசி வேண்டாம்" என்றார் டாக்டர். சிரிக்கவில்லை. "யாரும் தப்புப் பண்ணல. ஒங்க ரெண்டு பேர்ட்டயும் ஒரே ஜீன்ல ஒரே பிழை இருந்திருக்கு. ஒங்களுக்கு இன்னொரு பிரதி நல்லா இருக்கிறதால ஒண்ணும் தெரியல. அவளுக்கு ரெண்டும் பிழையா வந்துட்டு."

"என்ன பிழை?"

டாக்டர் யோசித்தார். ஜன்னல் வழியே தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரிந்தன. "கருவுல பிள்ளை வளரும்போது உடம்பு ஒரு சரக்கு அனுப்பும். நரம்பு வளர்ச்சிக் காரணின்னு பேரு. வலி, சூடு தெரியற நரம்பு, வேர்வைச் சுரப்பிக்குப் போற நரம்பு, இந்த ரெண்டும் அந்தச் சரக்க வாங்கித்தான் பிழைக்கும். வாங்கறதுக்கு நரம்போட நுனியில ஒரு ஏற்பி உண்டு. கப்பல் வந்து கயிறு வீசுது, கரையில புடிச்சுக் கட்ட ஆள் இருக்கணும்லா? அந்த ஆள்தான் ஏற்பி. இவளுக்கு அந்த ஆள் வேலை செய்யல. கப்பல் வந்துச்சு, கயிறும் வீசுச்சு. யாரும் புடிக்கல. சரக்கு எறங்காம அந்த நரம்பெல்லாம் பொறக்கும் முன்னாடியே வாடிப்போச்சு. தொட்டா தெரியும், கையப் புடிச்சா தெரியும். வலி மட்டும் தெரியாது."

அம்புரோஸ் காதைத் தடவிக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் எட்டுப் பாகம் ஆழம் எறங்குவேன் டாக்டர், அம்பது அடிக்குக் கிட்ட. காது வலிக்கும். வலிச்சா அங்கனயே நின்னு காத்த ஊதி சமாளிச்சுட்டுத்தான் அடுத்த பாகம். வலியப் பொறுத்துக்கிட்டு எறங்குனவன் செவிப்பறை கிழிஞ்சு வருவான். நிறையப் பேரப் பாத்திருக்கேன். எனக்குச் சொல்லுததுக்குக் காது இருக்கு. எம் மவளுக்குப் 'போதும், மேல வா'ன்னு சொல்ல ஆளில்ல, அப்படித்தான?"

"அப்படித்தான்."

"மருந்து?"

"கெடையாது. கவனிப்புதான் மருந்து. அது இவங்க எட்டு வருசமா குடுத்திட்டு இருக்காங்க." கிளாடிசைப் பார்த்தார். "வீட்டப் பத்தி வடிவு மேடம் எழுதுன ரிப்போர்ட்டப் படிச்சேன். கதவெல்லாம் எடுத்தத. எந்தப் பாடத்துலயும் அது இல்லம்மா. நான் கமிட்டிக்கு எழுதிட்டேன், பிள்ளை ஒங்ககிட்டதான் இருக்கணும்னு."

கிளாடிஸ் அழுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து ஜெமிமாவின் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். கதவுக்கு வெளியே வராந்தாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். தழும்பெல்லாம் வெளியே தெரிந்தது.

எனக்கு அந்த இடத்தில் சும்மா இருக்க முடியவில்லை. "டாக்டர், அந்த ஏற்பிய எனக்குக் கொஞ்சம் கழட்ட முடியுமா? முதுகு உயிர எடுக்கு."

"ஒங்களுக்கு அது நல்லா வேலை பாக்குது, அதான் வலிக்குது" என்றார் டாக்டர். "அந்தச் சரக்க மறிக்கிற மருந்து ஒண்ண மூட்டுவலிக்காரங்களுக்குப் போட்டுப் பாத்தாங்க. வலி கொறைஞ்சுது. சில பேருக்கு மூட்டே வேகமாத் தேஞ்சு போச்சு. பேசாம பார் தூக்கும்போது முட்டிய மடக்கித் தூக்குங்க."

ஜெமிமா என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். "மாமா, ஒம்பதே முக்கால் விரல். மீதி ஒங்க ஐஸ் பொட்டிக்குள்ள."

எட்டு வயசுப் பிள்ளை என்னிடம் கற்றுக்கொண்ட வித்தை அது. சிரிக்கத்தான் எனக்கு முடியவில்லை.

*

கமிட்டியின் கடிதம் வந்த மறுநாள். வெயில் பத்து மணிக்கே தார் ரோட்டைக் குழைத்துவிட்டிருந்தது. முழு பாரை இறக்கித் துவாலையோடு வாசலில் வைத்தேன். வண்டிக் கதவின் ஓரம் முழுக்க நானும் கயிறு சுற்றிவிட்டிருந்தேன். பேக்டரியில் பையன்கள் கேலி பண்ணினார்கள், குளிர் வெளியே போகிறது என்று முதலாளி திட்டினார். சுற்றியபடியே இருக்கிறது.

கிளாடிஸ் குண்டானோடு வந்தாள். ஜெமிமா உள்ளே தொட்டித் தண்ணீரில் உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டு. இப்பமாவது சொல்லு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னையக் காப்பாத்தத்தான அப்படிச் சொன்ன? அத நெனச்சு நெனச்சு எனக்குச் சோறு எறங்கல. நான் செஞ்ச காரியத்துக்கு நீ போய் எனக்காக..."

கிளாடிஸ் குண்டானைக் கீழே வைத்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஒங்களுக்காகவா? ஒங்க மூஞ்சிகூட அன்னைக்கு எனக்குத் தெரியல அண்ணாச்சி. வண்டியப் புடிச்சிருவானுவ, ஆறு மாசம் போட்ருவானுவன்னு வழியெல்லாம் நீங்கதான பொலம்பிட்டு வந்திய. ஆறு மாசம்னா பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் போச்சு. ஒங்க வண்டி இல்லன்னா இந்தத் தெருவுக்கு ஐஸ் இல்ல. ஐஸ் இல்லன்னா எம் பிள்ளை இல்ல. விரலு போனா போவுதுன்னுதான் கதவுன்னு சொன்னேன்."

ஐஸின் தண்ணீர் எங்கள் இரண்டு பேர் காலுக்கும் நடுவில் ஓடியது.

"அப்போ கோவம்..."

"இருக்கு. ஒங்க வண்டிச் சத்தம் கேக்கும்போதெல்லாம் 'நாளைக்கு வந்து எடுத்துக்க'ன்னு நீங்க சொன்னதும் சேந்து கேக்கும். அது போவாது அண்ணாச்சி. போவும்னு நெனச்சிட்டுத் தெனமும் என் மூஞ்சியப் பாக்காதிய." குனிந்து பாரின் ஒரு முனையைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் தூக்குங்க. முட்டிய மடக்கித் தூக்குங்க. நாளைக்கு இன்னும் வெள்ளன வாங்க, வெயில் சீக்கிரம் ஏறுது."